பெட்டி அடைக்கிற போட்டி

பதினாலு பிள்ளைக. ஒரு சத்தம் கிடையாது.

நம்புவீங்களா? மூணு வயசுல இருந்து அஞ்சு வயசு வரைக்கும் உள்ள பதினாலு உருப்படிக, சுவரோரமா வரிசையா உக்காந்து, தலையைக் குனிஞ்சு வேலை பார்த்துக்கிட்டு இருக்கு. ஃபேன் கிரீச்சிடுறதும், அடுப்படியில பேச்சியக்கா தக்காளி சாதம் கிண்டுறதும்தான் கேக்குது. ஒண்ணுக்கு வருதுன்னு யாரும் எந்திரிக்கல. ஒருத்தனை ஒருத்தன் கிள்ளல. வீட்டுக்குப் போகணும்னு ஒரு அழுகை இல்லை.

ஒவ்வொரு பிள்ளை முன்னாலயும் ஒரு குத்துக் குச்சி. மருந்து முக்காத வெள்ளைத் தீக்குச்சி. பக்கத்துல பத்துப் பத்து காலித் தீப்பெட்டி. நான் நடுவுல அங்கிட்டும் இங்கிட்டும் நடக்கேன். "யாரு முதல்ல அடைக்கான்னு பாப்போம்! பேச்சு எதுக்கு? கை ஓடட்டும், கை ஓடட்டும்!"

அந்தக் கைகளைப் பார்க்கணுமே! இடது கைப் பெருவிரலால பெட்டியைத் தள்ளித் திறக்குறதென்ன, குச்சியை அள்ளித் தரையில ஒரு தட்டுத் தட்டி மட்டம் பண்றதென்ன, அப்படியே உள்ள தள்ளி மூடுறதென்ன! நான் ஒண்ணும் சொல்லிக் குடுக்கல. அம்மாமார் வீட்டுக்குக் கொண்டுவந்து செய்யுற வேலையைப் பார்த்துப் பார்த்தே வந்த கை.

எனக்குப் பெருமை பிடிபடல. போனை எடுத்து வீடியோ பிடிச்சேன். பிடிச்சதோட விட்டேனா? அம்மாமார் வாட்ஸ்அப் குரூப்ல போட்டு, கீழ கைதட்டுற பொம்மை வேற நாலு சேர்த்தேன்.

அந்த வீடியோதான் என் வேலைக்கே உலை வைக்கப் பார்த்துச்சு.

சாவி கைக்கு வரணும்னா

போன வாரம் நேர்காணலுக்குப் போன கதையை எழுதியிருந்தேன்லா, அதைப் படிச்சிட்டு என் வீட்டுக்காரர் மூஞ்சியைத் தூக்கி வச்சுக்கிட்டாரு. அவரைப் பத்தி ஒரு வரி இல்லையாம். சரி, எழுதிருதேன்: வேலைக்குச் சேர்ந்த முதல் நாள் என்னை மொபெட்ல கொண்டுபோய் விட்டது அவருதான். பாதி வழியில பெட்ரோல் தீர்ந்துபோய் என்னைத் தள்ள விட்டதும் அவருதான்.

எங்க ஊரு பசுவந்தனைக்குப் போற ரோட்டுல இருந்து உள்ள தள்ளி இருக்கு. எங்க ஊர் பால்வாடியில இருந்த டீச்சரம்மா ரிட்டயர் ஆன பிறகு அந்தக் கட்டடம் பூட்டியே கிடந்துச்சு. இப்போ அங்கன்வாடின்னுதான் போர்டு. எங்க வாயில இன்னும் பால்வாடிதான். வாசல்ல ஆடு கட்டிப் போட்டிருந்தாங்க. பிள்ளைக பருத்திக்காட்டு ஓரமா சுத்தித் திரிஞ்சுதுக. அந்த வேலைக்குத்தான் என்னை எடுத்தாங்க. ஆனா எடுத்த கையோட சாவியைக் குடுத்துரல. மூணு மாசம் பக்கத்து ஊர் மையத்துல இருந்து வேலை பழகணும். அங்கன உள்ள டீச்சர், 'இந்தம்மாவைத் தனியா விடலாம்'னு எழுதிக் குடுக்கணும். பிறகுதான் சாவி.

அதுக்கு முன்னால நான் என்ன வேலை பார்த்தேன்னு தொடர்ந்து படிக்கிறவங்களுக்குத் தெரியும். புதுசா வாரவங்களுக்குச் சொல்லுதேன். தீப்பெட்டி ஆபீஸ். தொழிற்சாலைன்னு எங்க பக்கம் யாரும் சொல்ல மாட்டோம், அது ஆபீஸ்தான். குச்சி அடைக்கிற வேலை. கழுத்து நிமிராம இருபத்தஞ்சு வருஷம். நடுவுல தபால்ல பத்தாப்பும் பன்னெண்டாப்பும் எழுதிப் பாஸ் பண்ணேன். ஒரே தடவையில. அதைச் சொல்லாம விட்டா எனக்குத் தூக்கம் வராது.

தண்ணி ஊத்துறதும் ஒரு வேலையாம்

எனக்கு வேலை பழக்கின டீச்சர் பேரு ஷகிலா. கோவில்பட்டியில இருந்து ஸ்கூட்டியில வருவாவ. என்னை விடப் பத்து வயசு இளசு. முதல் நாள் பார்த்ததும் "என்ன பாப்பா, டீச்சர் இன்னும் வரலியா?"ன்னு அவியகிட்டயே கேட்டேன். அவிய சிரிச்சுக்கிட்டே, "வந்துட்டாவ அக்கா, நான்தான்"னு கையில இருந்த துடைப்பத்தைக் கீழ போட்டாவ.

நான் அவியளை டீச்சர்னு கூப்பிடுவேன். அவிய என்னை அக்காம்பாவ. இந்த ஏற்பாடு எனக்குப் பிடிச்சிருந்துச்சு. ஆனா அவிய பாடம் நடத்துற லட்சணம் எனக்குச் சுத்தமாப் பிடிக்கல.

நீங்களே சொல்லுங்க. ஒரு பய, பேரு ருத்ரன். (எங்க காலத்துல மாடசாமி, முனியசாமி. இப்போ வருகைப் பதிவேட்டைத் திறந்தா பூரா ருத்ரனும் தர்சினியும்தான். பேர் கூப்பிடுறதுக்குள்ள நாக்கு சுளுக்கிரும்.) அந்த ருத்ரன் ஒரு டம்ளர்ல இருந்து இன்னொரு டம்ளருக்குத் தண்ணியை ஊத்துதான். திரும்ப ஊத்துதான். பாதி தரையில. அரைமணி நேரமா இதே வேலை. டீச்சர் பக்கத்துல உக்காந்து, தெப்பத் திருவிழா பார்க்குற மாதிரி பார்த்துக்கிட்டு இருக்காவ.

எனக்குப் பொறுக்கல. "டீச்சர், பிள்ளை தண்ணியில விளையாடுதான், சளி பிடிக்கும்"னேன்.

"விளையாடல அக்கா, வேலை பாக்கான். சிந்தாம ஊத்தணும்னு பாக்கான். இன்னும் கை வரல. விடுங்க."

தண்ணி ஊத்துறது வேலையாம்! எங்க ஆபீஸ்ல அரைமணி நேரம் இப்படி உக்காந்திருந்தா அன்னைக்கே சீட்டைக் கிழிச்சிருப்பாங்க. இந்தம்மாவுக்குப் படிப்பு இருக்கு, பிள்ளைகளை வேலை வாங்கத் தெரியலன்னு நெனச்சுக்கிட்டேன். சாயந்திரம் பேச்சியக்காகிட்ட சொல்லவும் செஞ்சேன். மையத்துக்குச் சமைக்கிறது பேச்சியக்காதான். அது கேட்டுட்டு, "உன் மையம் வரும்லா, அங்கன உன் இஷ்டத்துக்கு ஆட்டி வையி"ன்னுச்சு.

ஆனா ஒண்ணு சொல்லணும். அழுகுற பிள்ளையை அமர்த்துறதுல நான்தான் கெட்டி. புதுசா வந்த ஒரு பிள்ளை ரெண்டு நாளா அம்மா சேலைதான் வேணும்னு அழுதுச்சு. டீச்சர் என்னென்னமோ பண்ணிப் பார்த்தாவ. எனக்கு உடனே புரிஞ்சுபோச்சு. அந்தம்மா ஆபீஸ்ல வேலை பார்க்குறவ. சேலையில மருந்து வாடை இருக்கும்லா, பிள்ளைக்கு அதுதான் அம்மா. என்கிட்ட அந்த வாடை இன்னும் போகாத பழைய சேலை ஒண்ணு கிடந்துச்சு. கொண்டுவந்து மடியில போட்டேன். ரெண்டு நிமிஷத்துல தூங்கிருச்சு. ஷகிலா டீச்சர் அசந்துட்டாவ. "இது எந்தப் புத்தகத்துலயும் இல்லக்கா"ன்னாவ. எனக்குத் தலை கனத்துப்போச்சு.

அந்தக் கனத்தோடதான் போட்டி வச்சேன்.

பொன்னுத்தாய் வந்த வேகம்

அன்னைக்கு டீச்சருக்கு ஓட்டப்பிடாரத்துல மீட்டிங். முதல் தடவையா என்னைத் தனியா விட்டுட்டுப் போனாவ. "பாத்துக்கோங்க அக்கா"ன்னு ஒரு வார்த்தைதான். நான் அதுக்காகவே காத்திருந்தவ மாதிரி, தெரிஞ்ச ஆபீஸ்ல சொல்லி வாங்கி வச்சிருந்த குச்சிப் பையையும் பெட்டிக்கட்டையும் இறக்கிட்டேன். எண்ணிப் பழகும், விரலுக்குப் பயிற்சி, பைசா செலவில்லை. என் கணக்குல எல்லாம் சரிதான்.

மத்தியானச் சோறு முடிஞ்சு பிள்ளைகளைப் படுக்கப் போட்டேன். அப்போதான் பொன்னுத்தாய் வந்தா.

பொன்னுத்தாய் யாருன்னா, எனக்குப் பக்கத்து எடத்துல உக்காந்து குச்சி அடைச்சவ. சின்னதுல இருந்தே சேக்காளி, கட்டிக் குடுத்தது இந்த மையத்து ஊர்ல. கல்யாணமாகிப் பத்து வருஷம் கோயில் கோயிலா அலைஞ்சு பெத்த ஒத்தைப் பிள்ளைதான் தர்சினி. நாலு வயசு. போட்டியில முதல்ல அடைச்சதும் அவதான். வீடியோவுல அவ கையைத்தான் நான் கிட்டப்போய்க் காட்டியிருந்தேன்.

வேலையைப் பாதியில போட்டுட்டு வெயில்ல நடந்தே வந்திருக்கா. கால் பூரா கரிசப்புழுதி. கையில போன்.

"ஏட்டி செல்வி, இது என்னதுட்டி?"

நான் சிரிச்சுக்கிட்டே, "உன் மகதான்ட்டி ஃபர்ஸ்ட்டு"ன்னேன். பாருங்க என் புத்தியை.

"நான் அங்கன அடைக்கேன். நீ இங்கன எம் பிள்ளைய அடைக்க வைக்கியா?"

"அடப்போட்டி, வெறுங்குச்சிதான? மருந்தா தடவியிருக்கு? எண்ணிப் பழகட்டும்னு..."

"எண்ணுறதுக்குப் புளியங்கொட்டை இல்லையா உனக்கு? வீட்டுல அது குச்சியைத் தொட்டா நான் கையிலயே போடுவேன். தெரியுமா? குச்சிக்கட்டை பரணுக்கு மேல ஏத்தி வச்சிருக்கேன். எந்தக் கை அதைத் தொடக்கூடாதுன்னு இங்கன கொண்டாந்து விடுதேனோ, அந்தக் கையில நீ எடுத்துக் குடுக்க. அதைப் படம் புடிச்சு ஊருக்கே காட்டுத."

எனக்கும் கோவம் வந்துருச்சு. நான் லேசுப்பட்டவ இல்லை. "பெரிய இவளாட்டம் பேசாத. உன் பிள்ளை தானா வந்துதான் எடுத்தா"ன்னு கத்திட்டேன். அவ உள்ள போனா. தூங்குன பிள்ளையைத் தூக்கித் தோள்ல போட்டா, போயிட்டா.

மறுநாள் ஆறு பிள்ளைகதான் வந்துச்சு.

வீடியோவுல கேட்ட குரல்

ஷகிலா டீச்சர் வந்து பாய்ல இருந்த பிள்ளைகளை எண்ணிப் பார்த்தாவ. குரூப்பையும் பார்த்திருக்காவ. நான் எல்லாத்தையும் சொல்லி முடிச்சு, திட்டு வாங்கத் தயாரா நின்னேன்.

"நான் உங்களைத் திட்ட மாட்டேன் அக்கா. திட்டினா உங்களுக்கு ஆறிரும்"னாவ. "பிள்ளைகளை நீங்கதான் கூட்டியாரணும். பதினாலும் திரும்ப வந்து உக்காந்தா, தனியா விடலாம்னு எழுதிக் குடுக்கேன். வரலைன்னா என்னால எழுத முடியாது. பொய் எழுத எனக்கு வராது."

பத்து வயசு இளசு. ஆனா அந்த வார்த்தையைக் கேட்டு நான் விரலை மடக்கி நாளை எண்ணுனேன். ரெண்டரை மாசம் ஓடிப்போச்சு. இப்போ விட்டா எங்க ஊர் சாவி வேற யாருக்கோ போயிரும். திரும்ப ஆபீஸுக்கே போகணும்.

சாயந்திரம் பஸ்ஸுக்கு நிக்கும்போது அந்த வீடியோவை எடுத்துப் பார்த்தேன். இதுல என்னதான் தப்பு இருக்கு, பார்ப்போமேங்கிற வீம்புலதான் பார்த்தேன். பஸ் ஸ்டாப்புல மிளகாய் மூட்டையோட ரெண்டு பேர் இருந்தாங்க. சத்தத்தைக் குறைச்சுக் காதுக்கிட்ட வச்சுக்கிட்டேன்.

படத்தைப் பார்த்தப்போ ஒண்ணும் தெரியல. காதுல வச்சப்போதான் தெரிஞ்சுச்சு.

"பேச்சு எதுக்கு? கை ஓடட்டும், கை ஓடட்டும்."

இது என் பேச்சே இல்லை. எங்க ஆபீஸ் கணக்கப்பிள்ளை பேச்சு.

அப்போ எனக்கு எட்டோ ஒம்பதோ. விடியுமுன்ன வேன் வந்து ஆரன் அடிக்கும். அம்மா என்னை எழுப்பாமலே தூக்கி வேன்ல ஏத்தி விட்டிருவா. ஆபீஸ்ல இறங்கும்போதுதான் முழிப்பு வரும். நானும் பொன்னுத்தாயும் ஒரே சாக்குல உக்காருவோம். பெரியாட்களுக்கு வேற இடம், எங்களுக்குச் சுவரோரம். அந்தக் கணக்கப்பிள்ளை கையைப் பின்னால கட்டிக்கிட்டு நடுவுல நடப்பாரு. கெட்ட வார்த்தை பேச மாட்டாரு, அடிக்க மாட்டாரு. சிரிச்ச முகமாவே, "யாரு முதல்ல அடைக்கா பாப்போம். பேச்சு எதுக்கு? கை ஓடட்டும்"பாரு. முதல்ல அடைச்சா ஒரு ஆரஞ்சு மிட்டாய். அந்த மிட்டாய்க்காக நான் ஓட்டுன ஓட்டம் இருக்கே! பொன்னுத்தாய் ஒரு நாளும் வாங்கினதில்லை. அவ கை மெதுவு. தோத்துட்டு அழுவா, நான் பாதி கடிச்சுக் குடுப்பேன்.

இப்போ அப்படிப் பிள்ளைகளை வேலைக்கு வைக்கிறதில்லை. அந்தக் காலம் போச்சு, நல்லா ஒழிஞ்சுச்சு. ஆனா அது எனக்குள்ள ஒழியல. அந்த மனுசனை இடுப்புல தூக்கிக்கிட்டு வந்து பால்வாடிக்குள்ள நான்தான் இறக்கி விட்டிருக்கேன். பஸ் வந்துச்சு, நான் ஏறல. வீடியோவை அழிச்சேன். அதை அழிச்சா போதுமா?

ஏழு வீடும் ஒரு வீடும்

மறுநாள் வேலை முடிஞ்சதும் வீடு வீடா ஏறி இறங்குனேன். ஏழு வீட்டுல பெருசா ஒண்ணும் சொல்லல. "தெரியாமப் பண்ணிட்ட, விடு"ன்னாங்க. "பொன்னுத்தாய் பிள்ளையை விட்டா நாங்களும் விடுதோம்"னாங்க. எல்லாரும் ஒரே வேன்ல போற பொம்பளைக. ஒருத்தி விடலைன்னா மத்தவ விட மாட்டா.

பொன்னுத்தாய் குழாயடியில கை கழுவிக்கிட்டு இருந்தா. சோப்புப் போட்டு, திரும்பவும் சோப்புப் போட்டு. அந்த வாடை அவ்வளவு லேசுல போகாது. என்னைப் பார்த்துட்டு நிமிரவே இல்லை.

"தப்புதான்ட்டி"ன்னேன். "வாய் வார்த்தைக்குச் சொல்லல. அந்த வீடியோவுல பேசுனது நம்ம கணக்கப்பிள்ளை. நான் இல்லை. இல்ல இல்ல, நான்தான். எனக்கே என்னைப் பிடிக்கலட்டி."

அவ கை நின்னுச்சு. "உனக்கு இப்பத்தான் கேட்டுச்சா? எனக்கு முதல் தடவையே கேட்டுருச்சு"ன்னா.

நான் அங்கனயே குழாயடிக் கல்லுல உக்காந்து அழுதேன். வெக்கமெல்லாம் பார்க்கல. அவ குடத்தைத் தூக்கி இடுப்புல வச்சுக்கிட்டு, "நாளைக்கு லீவு போட்டுட்டு வாரேன். ஒரு ஓரமா இருப்பேன். பொழுதுக்கும் பாப்பேன். எனக்குச் சரின்னு பட்டா விடுதேன். இல்லைன்னா உன் மூஞ்சில முழிக்க மாட்டேன்"னா.

ஒத்தைக் காலு பாக்கி

"நாளைக்கு என்ன செய்யட்டும் டீச்சர்?"னு போன்ல கேட்டேன். "உங்க இஷ்டம் அக்கா"ன்னு வச்சுட்டாவ. நல்லா மாட்டிவிட்டாவ.

எங்ககிட்ட என்ன இருக்கு, மண்ணுதான் இருக்கு. கரிசல் மண்ணு. ஒரு மழை பேஞ்சா செருப்பைப் பிடிச்சு இழுத்து வச்சுக்கிட்டுத் தர மாட்டேன்னும். காட்டுல இருந்து ஒரு சட்டி அள்ளி, கல்லு முள்ளு பொறுக்கி, சலிச்சு, தண்ணி விட்டுப் பிசைஞ்சு, ஈரத்துணி போட்டு மூடிக் கொண்டுபோனேன்.

பொன்னுத்தாய் தர்சினியை உள்ள விட்டுட்டு, கதவோரமா சாஞ்சு உக்காந்தா. ஷகிலா டீச்சர் பதிவேடு எழுதுற மாதிரி ஒரு மூலையில. தர்சினியையும் சேர்த்து ஏழு பிள்ளைக. நேர்காணல்ல கூட நான் இப்படிப் பயப்படல.

மண்ணைக் குடுத்தேன். "என்ன வேணும்னாலும் செய்யிங்க"ன்னேன். அவ்வளவுதான். ருத்ரன் தோசை சுட்டான். ஒருத்தி பாம்பு உருட்டுனா. ஒருத்தன் செல்போன் செஞ்சு காதுல வச்சு, "யாருலே அது? வைலே போனை"ன்னு அவங்க அப்பா மாதிரியே பேசுனான். சத்தம்னா சத்தம், கூரை இடிஞ்சிரும் போல. மூஞ்சி, சட்டை, சுவரு பூரா மண்ணு.

தர்சினி ஆட்டுக்குட்டி செஞ்சா.

உடம்பு வந்துருச்சு. காலுதான் நிக்கல. ஒரு காலை ஒட்டுவா, வளைஞ்சு விழும். எடுப்பா, திரும்ப உருட்டுவா. குண்டா ஒரு கால் செஞ்சு வச்சா, நின்னுச்சு. அடுத்ததை வைக்கும்போது முதக் காலு பிதுங்கிருச்சு. எனக்குக் கை அரிக்குது. ரெண்டே நிமிஷத்துல நிப்பாட்டிக் குடுத்திருவேன். நாக்கு அதுக்கு மேல அரிக்குது. "சீக்கிரம்"ங்கிற வார்த்தை பல்லு வரைக்கும் வந்து நிக்குது. ரெண்டு கையையும் தொடைக்கு அடியில வச்சுக்கிட்டு, வாயை இறுக்கி மூடிக்கிட்டு உக்காந்திருந்தேன். இருபத்தஞ்சு வருஷம் குச்சி அடைச்சதை விட அந்த ஒரு மணி நேரம்தான் எனக்குப் பெரிய வேலை.

பேச்சியக்கா தட்டு எடுத்து வச்சிருச்சு. மத்த பிள்ளைக கை கழுவப் போயிருச்சு. ஆட்டுக்குட்டிக்கு மூணு காலு வந்திருக்கு. தர்சினி தட்டையும் பார்த்தா, மண்ணையும் பார்த்தா. பிறகு என்னைப் பார்த்தா. அவ மூஞ்சியில பயம் இருந்துச்சு. அந்தப் பயத்தை அவளுக்கு நான்தான் குடுத்திருக்கேன்.

"டீச்சர், முடியல..."

"முடியலைன்னா இருக்கட்டும் தங்கம். ஈரத்துணி போட்டு மூடி வைப்போம். நாளைக்குச் செய்யலாம்."

அவ நம்பாம என் கையையே பார்த்தா. நான் துணியை நனைச்சு, ஆட்டுக்குட்டி நசுங்காம மூடி, ஜன்னல்ல வச்சேன். அதுக்குப் பிறகுதான் சாப்பிடப் போனா.

கதவோரத்துல இருந்து பொன்னுத்தாய் எந்திரிச்சு என் பக்கத்துல வந்தா. கண்ணு கலங்கியிருந்துச்சு. குரலைத் தணிச்சுக் கேட்டா.

"ஏட்டி செல்வி, முடியலைன்னா இருக்கட்டும்னு நம்மகிட்ட யாராச்சும் ஒரு நாளு சொல்லியிருக்காவளா?"

"இல்லட்டி"ன்னேன்.

தர்சினி சோத்துக் கையோட ஓடி வந்தா. அம்மா சேலையைப் பிடிச்சு இழுத்துக்கிட்டு, "எம்மா, நாளைக்கு நான் இங்க வரணும். இன்னும் ஒரு காலு பாக்கி இருக்கு"ன்னா.

பொன்னுத்தாய் அவ வாயில ஒட்டியிருந்த பருக்கையைத் துடைச்சு விட்டா.

"வரணும்ட்டி. வந்து நிதானமா வை"ன்னா.